சோத்தை விட்டாச்சு, பொற்றாசியம் காணுமோ?

#1 குளத்தடியான்

வணக்கம். கனநாளா உங்கட எழுத்துகளை வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இண்டைக்கு ஏலாமல் எழுத வந்திருக்கிறன்.

எனக்கு வயசு 47. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆள். தைமாசம் கிளினிக்கில சாப்பாட்டுக்கு முன் சீனி 186 நிண்டது. குளுசையைக் கூட்டுவம் எண்டு டொக்டர் சொல்ல, ரெண்டு மாசம் தவணை கேட்டு வாங்கிப்போட்டு சோறு, பிட்டு, இடியப்பம், பாண் எல்லாத்தையும் ஒரே நாளில விட்டன். இப்ப அஞ்சு கிழமை. 6 கிலோ குறைஞ்சிருக்கு. போன கிழமை விடியப் பாத்த சீனி 118. அதில குறை சொல்ல ஒண்டுமில்லை.

ஆனா ராவில ரெண்டு மணிபோல கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி என்னைத் தூக்கி இருத்துது. மனிசி எழும்பி நல்லெண்ணெய் பூசித் தேய்ச்சாத்தான் விடும். வரம்பில குனிஞ்சு நிமிர்ந்தாக் கண் இருட்டுது. இடைக்கிடை நெஞ்சு படபடக்குது. பக்கத்து வீட்டு அண்ணை பாத்திட்டு, "உனக்குப் பொற்றாசியம் குறைஞ்சிட்டுது, நாளுக்கு மூண்டு கதலி சாப்பிடு" எண்டார். கதலியைச் சாப்பிட்டா சீனி ஏறும். சாப்பிடாட்டிக் கால் இழுக்கும். என்ன செய்யலாம்?

என்ர சாப்பாடு: காலமை 4 முட்டை பட்டரில பொரிச்சு. மத்தியானம் கோழி கால்கிலோ. பின்னேரம் தேங்காய்ச் சொட்டு ஒரு கை. ராவைக்கு பொரிச்ச கோழித்தோலோ ஒரு துண்டு சீஸோ. வெறும் தேத்தண்ணி எத்தினை எண்டு கணக்கில்லை. மரக்கறியும் எனக்கும் சின்னனிலயே ஒத்துவராது.

#2 நந்திக்கடல்

மூண்டு கதலி சாப்பிடுறதெண்டா ஏன் பேந்து பிட்டை விட்டனீங்கள்? பிட்டையே சாப்பிட்டிருக்கலாமே.

#3 மனையியல் ரீச்சர்

நந்திக்கடல், பகிடியை விடும். தம்பி குளத்தடியான், நான் முள்ளியவளையில முப்பது வருசம் மனைப்பொருளியல் படிப்பிச்சுப்போட்டு இப்ப கோழியும் கத்தரியும் வளர்க்கிற ஆள். டொக்டர் இல்லை. கணக்குத் தெரியும், அதைச் சொல்லுறன்.

வெள்ளைச் சோறு 100 கிராமில பொற்றாசியம் 35 மில்லிகிராம். அவ்வளவுதான். ஒரு கோப்பை குவிச்சுப் போட்டுச் சாப்பிட்டாலும் நூறு, நூற்றைம்பதுக்கு மேல வராது. வளர்ந்த ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு 3400 மி.கி., பொம்பிளைக்கு 2600 எண்டு அமெரிக்கா 2019இல கணக்குப் போட்டது. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் 3510க்குக் குறையாமல் எண்டு சொல்லுது. அப்ப சோத்தை விட்டதால உங்களுக்குப் போனது கைச்செலவுக் காசு.

சோத்தோட சேர்ந்து என்னென்ன எழும்பிப் போனதெண்டு பாருங்கோ. பருப்புக்கறி போச்சு. அவிச்ச பருப்பு 100 கிராமில 370 இருக்கு. உருளைக்கிழங்குக் குழம்பு போச்சு. மரவள்ளி, மாம்பழம், பலாப்பழம் போச்சு. இதெல்லாம் மாச்சத்துள்ள சாமான், போனதுக்கு ஒரு ஞாயம் இருக்கு. கீரை ஏன் போனது? பாவற்காய் ஏன் போனது? முருங்கைக்காய் என்ன பிழை விட்டது? எங்கட ஆக்களுக்குக் கறி எண்டாச் சோத்துக்குத் துணை. ராசா போனவுடன மந்திரிமாரும் சேர்ந்து போட்டினம்.

நீங்கள் எழுதின சாப்பாட்டைக் கூட்டிப் பாத்தன். 4 முட்டை 280. கோழி ஒரு 600. தேங்காய்ச் சொட்டு 100 கிராம் எண்டு வைச்சா 350. சீஸ், பட்டர் சேர்த்தாலும் 1300ஐத் தாண்டாது. வேண்டியதில பாதியும் இல்லை.

கதலியைப் பத்தி: வாழைப்பழம் 100 கிராமில 358 மி.கி., மாச்சத்து 23 கிராம். முளைக்கீரை 100 கிராமில 611, மாச்சத்து 4. அண்ணைக்குச் சொல்லுங்கோ.

#4 மல்லாவியான் (ரொறன்ரோ)

அண்ணை, நானும் இஞ்சை ரெண்டு வருசமா லோ கார்ப், மாச்சத்துக் குறைச்ச சாப்பாடுதான். கஷ்டப்படாதேங்கோ. கடையில பொட்டாசியம் குளுசை போத்தலில விக்கிறாங்கள். அதைவிட நல்லது சோடியம் குறைஞ்ச உப்பு. பாதி சாதாரண உப்பு, பாதி பொட்டாசியம் குளோரைட். கால் தேக்கரண்டியில 350 மி.கி. வருது, அப்பிடியே முட்டையில தூவலாம். அடுத்த மாசம் மச்சாள் கோயில் திருவிழாவுக்கு வாறா, ரெண்டும் அனுப்பி விடுறன். கீரை ஆய்ஞ்சுகொண்டிருக்க உங்களுக்கு எங்க நேரம்?

#5 மருந்துக்கடைத் தம்பி, வவுனியா

அண்ணை குளத்தடியான், அந்தப் பார்சல் வாறதுக்கு முதல் ரெண்டு கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ. கிளினிக் கொப்பியை எடுத்து வைச்சுக்கொண்டு எழுதுங்கோ.

என்னென்ன குளுசை பாவிக்கிறீங்கள்? பிறசர் குளுசை இருந்தா அதின்ர பேர் என்ன?

சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டிற கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை கடைசியாச் செய்தது எப்ப?

மல்லாவியான் அண்ணை கோவிக்கக் கூடாது. உங்களுக்கு ஒத்துவந்தது உங்கட சிறுநீரகத்துக்கு ஒத்துவந்தது.

#6 குளத்தடியான்

கொப்பியில இருக்கிறது: சீனிக்கு மெட்ஃபோமின் 500 காலமை ஒண்டு ராவைக்கு ஒண்டு. பிறசருக்கு லொசாட்டன் 50 ஒண்டு. கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின் ராவைக்கு. கிரியற்றினின் போன வருசம் ஆனியில எழுதியிருக்கு, இலக்கம் விளங்கேல்லை. டொக்டர்மாரின்ர எழுத்து.

#7 மருந்துக்கடைத் தம்பி, வவுனியா

லொசாட்டன். இதுக்காகத்தான் கேட்டனான்.

பிறசருக்குக் குடுக்கிற குளுசையள் எல்லாம் ஒரு மாதிரி இல்லை. லொசாட்டன், எனலாபிரில் மாதிரியானதுகள் பொற்றாசியத்தை உடம்புக்குள்ள மறிச்சு வைக்கும். ஸ்பைரோனோலக்ரோனும் அப்பிடித்தான். மற்றப் பக்கம் ஃபுருசமைட், ஐதரோகுளோரோதயசைட் எண்ட சலம் போக்கிற குளுசையள் பொற்றாசியத்தை வெளிய தள்ளும். ஒரே கால் பிடிப்பு, ஒரே வயசு, ஆனா கொப்பியில இருக்கிற ஒரு சொல்லை வைச்சு ஒருத்தருக்கு "கூட்டு" எண்டும் மற்றவருக்கு "தொடாதே" எண்டும் சொல்லவேண்டி வரும்.

லொசாட்டன் எடுக்கிற ஆள் சோடியம் குறைஞ்ச உப்பை டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில தூவக் கூடாது. பொற்றாசியம் கூடினாக் கனபேருக்கு நோகாது, இழுக்காது, ஒண்டும் காட்டாமலே இருக்கும். பேந்து நேரா நெஞ்சின்ர துடிப்பைக் குழப்பும். 2025 தையில உலக சுகாதார நிறுவனம் இந்த மாற்று உப்பை நல்லதெண்டு சொல்லி வழிகாட்டல் ஒண்டு விட்டது உண்மை. அதிலயே சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளையளுக்கும் இது பொருந்தாதெண்டு விலக்கி வைச்சிருக்கு.

மற்றது, அந்தக் கனடாக் குளுசையில பெரும்பாலும் நூறு மி.கி. அளவுதான். கதலிப்பழத்தில ஒண்டு ரெண்டு கடி. அதுக்கு ஏன் மச்சாளைக் கஷ்டப்படுத்துவான்?

நெஞ்சு படபடப்பு எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதைக் கீரையால பாக்க ஏலாது. நாளைக்கே போய் ஒரு ஈசிஜி எடுங்கோ. அதோட இரத்தத்தில கிரியற்றினின், சோடியம், பொற்றாசியம் மூண்டும் பாக்கச் சொல்லுங்கோ. மயக்கம் வந்தாலோ நெஞ்சு நொந்தாலோ நாளைக்கு எண்டு வைக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு.

#8 செட்டிகுளத்து மகள்

நான் இந்த இழையில எழுதுறேல்லை எண்டுதான் இருந்தன். #4ஐப் பாத்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரேல்லை.

என்ர அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு ரெண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போறவர். சீனி இல்லை, பிறசரும் ஆரம்பத்தில இல்லை. அனுராதபுரப் பக்கம் தொண்ணூறுகளில கண்டுபிடிச்ச, இன்ன காரணம் எண்டு ஒருத்தரும் அறுதியாச் சொல்லாத அந்த வருத்தம்தான். எங்கட வவுனியா மாவட்டத்திலயும் கனபேருக்கு இருக்கு. வயலில நிண்டு வேலை செய்த மனிசர்தான் கூட. எங்களுக்குத் தெரிய வரேக்க சிறுநீரகம் ரெண்டும் முக்கால்வாசி போட்டுது. அதுவரைக்கும் அவர் உழவு மிசின் ஓட்டினவர்.

ரெண்டு வருசத்துக்கு முதல் கோயில் வேட்டைத் திருவிழாவில வெயில் தாங்காமல் மூண்டு இளநீர் குடிச்சிட்டார். இளநீர் எண்டா ஆருக்கும் பயமில்லைத்தானே, சாமிக்குப் படைக்கிறது. ராவு கைகால் விட்டுப்போச்சு, நாடி மெதுவாப் போச்சு. ஆஸ்பத்திரியில பொற்றாசியம் 7.1 எண்டு சொல்லிச்சினம். 5ஐத் தாண்டினாலே கூட எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். ஊசி போட்டு, அந்தச் சாமமே மிசினில ஏத்தித்தான் காப்பாத்தினவை.

இப்ப வீட்டில மரக்கறி சமைக்கிறதெண்டா சின்னனா வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிப்போட்டுத்தான் கறி வைப்பன். பொற்றாசியம் தண்ணியோட போகட்டும் எண்டு. நீங்கள் எல்லாரும் அதைச் சேர்க்க வழி தேடுறீங்கள், நான் கழுவி ஊத்த வழி தேடுறன். வயல் செய்யிற அண்ணாமார், கூட்ட முதல் ஒருக்கா இரத்தத்தைப் பாருங்கோ. அவ்வளவுதான் சொல்ல வந்தனான்.

#9 மல்லாவியான் (ரொறன்ரோ)

தங்கச்சி, எனக்கு இது தெரியாது. #4இல எழுதினதை அழிக்காமல் விடுறன், ஆரும் வாசிச்சா கீழ நீங்கள் எழுதினதையும் சேர்த்து வாசிக்கட்டும். அப்பாவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ.

#10 துணுக்காய்க் கிழவன்

எங்கட அப்பு மொட்டைக்கறுப்பன் சோறும் ஒடியல் கூழும் குடிச்சு 91 வயசு மட்டும் இருந்தவர். சோத்தை விடு எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லை. பொற்றாசியம் எண்ட சொல்லே தெரியாமல் போய்ச் சேர்ந்தவர்.

#11 நந்திக்கடல்

ஐயா, உங்கட அப்பு துணுக்காயில இருந்து பூநகரிக்கு மாட்டோட நடந்தவர். நாங்கள் கடைக்கும் மோட்டச்சைக்கிள்ல போறம்.

#12 மனையியல் ரீச்சர்

துணுக்காய் ஐயா சொல்லுறதில ஒரு பங்கு உண்மை இருக்கு. ஒடியல் கூழ் எண்டு குடிச்சவை ஒடியல்மாவை மட்டுமே குடிச்சவை? பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, நண்டு, இறால், மீன்தலை எல்லாம் ஒரு பானையில போட்டு, அவிச்ச தண்ணியையும் சேர்த்தெல்லோ குடிச்சவை. பொற்றாசியம் தண்ணியில கரையிற சாமான். குழம்பாக் குடிச்சா வயித்துக்குள்ள, வடிச்சு ஊத்தினா வாழையடிக்குள்ள. எண்டாலும் ஐயா, சீனி 186 நிக்கிற ஆளுக்குக் கூழ் சரிவராது.

தம்பி குளத்தடியான், உங்களிட்டை ஒண்டு கேட்க மறந்திட்டன். உப்பு எவ்வளவு சேர்க்கிறீங்கள்?

#13 குளத்தடியான்

உப்போ? பிறசர் எண்டு சொன்னதில இருந்து மனிசி உப்புச் சிரட்டையை ஒளிச்சுப் போட்டா. கோழி மிளகாய்த்தூளில மட்டும்தான் வேகுது. முட்டைக்கும் இல்லை. முந்திக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எண்டு ஏதும் வாயில படும். இப்ப அதுவும் இல்லை.

செட்டிகுளத்துத் தங்கச்சி எழுதினதை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினனான். வியாழக்கிழமை கிளினிக், கட்டாயம் இரத்தம் குடுப்பன். ஈசிஜி இண்டைக்கு எடுத்தாச்சு, பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லிச்சினம்.

#14 மனையியல் ரீச்சர்

அப்ப எனக்கு உங்கட பொற்றாசியத்தில சந்தேகம் குறைஞ்சு உப்பில கூடிட்டுது.

இரணைமடுக்காரருக்குத் துருசு, குளத்துத் தண்ணியை மறிச்சுத் திறக்கிற கதவு, விளங்கும். உடம்பில இன்சுலின் கூடி நிக்கேக்க சிறுநீரகம் சோடியத்தை விடாது, துருசு பூட்டின மாதிரி. மாச்சத்தைக் குறைச்சா இன்சுலின் இறங்கும், துருசு திறபடும், உப்பும் அதோட தண்ணியும் சலமாப் போகும். ஈரலிலயும் தசையிலயும் சேர்த்து வைச்ச கிளைக்கோஜன் எண்ட மாச்சத்தும் கரையும். அது ஒரு கிராம் கரைஞ்சா மூண்டு கிராம் தண்ணி வெளிய வரும். முதல் கிழமை குறைஞ்ச கிலோவில பெரிய பங்கு இந்தத் தண்ணிதான். கொழுப்பெண்டு நினைச்சு ஊருக்குச் சொல்லித் திரிஞ்சிருப்பீங்கள்.

குளம் வத்துதெண்டு தெரிஞ்சா உடம்பு சும்மா இராது. அல்டொஸ்ரெறோன் எண்டொரு ஓமோனை விட்டு, போற சோடியத்தைத் திருப்பி எடுக்கும். அதுக்கு மாற்றா சலத்தில பொற்றாசியத்தை விடும். அதாவது உப்புக் காணாமல் போனதுக்குப் பொற்றாசியம் தண்டம் கட்டும். உப்பைச் சரிக்கட்டாமல் பொற்றாசியத்தை மட்டும் கூட்டுறது ஓட்டைச் சாக்கில நெல்லுக் கொட்டிற வேலை.

இதில பங்குனி வெயில் வேறை. வயலில வேர்த்துப் போறது பெரும்பாலும் சோடியம்தான், பொற்றாசியம் கொஞ்சம். சேட்டு முதுகில வெள்ளைப் படலம் காய்ஞ்சு நிக்குமே, அது உப்பு. நீங்கள் உப்பில்லாத கோழியும் வெறும் தேத்தண்ணியுமா அஞ்சு கிழமை ஓட்டியிருக்கிறீங்கள்.

#15 மருந்துக்கடைத் தம்பி, வவுனியா

ரீச்சர் சொன்ன தண்டக் கணக்கு சரி. ஒரு திருத்தம்: குளத்தடியான் அண்ணைக்கு அந்த மாற்று நடக்கிறதை லொசாட்டன் குறைச்சுப்போடும், அது அந்த ஓமோனையே அமத்திற குளுசை. அப்ப அவற்றை பொற்றாசியம் குறைஞ்சிருக்கும் எண்டு நான் பந்தயம் கட்டமாட்டன். இரத்தம் சொல்லட்டும்.

இன்னொண்டும் பாருங்கோ. மாச்சத்தைக் குறைச்சு, தண்ணி இறங்கி, எடையும் இறங்கினாப் பிறசர் தன்பாட்டில இறங்கும். ஆனாக் குளுசை பழைய அளவிலயே நிக்குது. குனிஞ்சு நிமிரக் கண் இருட்டுறது இதாலயும் இருக்கலாம். கிளினிக்கில இருந்து ஒருக்கா, எழும்பி நிண்டு ஒருக்கா பிறசர் பாக்கச் சொல்லுங்கோ. நீங்களா லொசாட்டனை நிப்பாட்ட வேண்டாம். உப்பையும் டொக்டரைக் கேட்டுத்தான் கூட்டவேணும், நெஞ்சிலயோ காலிலயோ நீர்கோர்வை உள்ள ஆக்களுக்கு அது ஆகாது.

வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் ஒரு சொல். மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிறவைக்குச் சோத்தை விட்டாச் சீனி பாதாளத்துக்கு இறங்கிற பயம் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுக்கிற ஆக்கள் மருந்தளவைக் குறைக்காமல் சோத்தை விட்டா மயங்கி விழவேண்டி வரும். டபகிளிஃபுளோசின், எம்பகிளிஃபுளோசின் மாதிரி "கிளிஃபுளோசின்" எண்டு முடியிற குளுசையள் எடுக்கிறவை டொக்டரைக் கேட்காமல் சோத்தை அடியோட விடவே கூடாது. சீனி கூடாமலே இரத்தம் அமிலமாகிற ஆபத்து அதில இருக்கு.

#16 ஒட்டுசுட்டான் அக்கா

நீங்கள் ஓமோனைப் பாருங்கோ, நான் அடுப்பைப் பாக்கிறன்.

மரக்கறி ஒத்துவராதெண்டு எழுதின தம்பிக்கு: வேலியில முருங்கை நிக்குதோ? கிளிநொச்சியில நிக்காத வேலி இல்லை. பின்னேரம் ரெண்டு கொப்பு முறிச்சு, பழஞ்சேலையில இறுக்கிச் சுத்தி ஒரு மூலையில வைச்சிட்டுப் படுங்கோ. விடிய அவிட்டு உதறினா இலை தானாக் கொட்டும், ஒவ்வொண்டா ஆய்ஞ்சு நிக்கத் தேவையில்லை. காம்பைப் பொறுக்கிப் போட்டு இலையைக் கழுவி நல்லா வடியவிட்டு அரியுங்கோ, அரிஞ்ச பிறகு கழுவக் கூடாது. தாச்சியில தேங்காயெண்ணெய் ஒரு அகப்பை, கடுகு, செத்தல்மிளகாய் ரெண்டு, வெங்காயம் ஒரு கை. வெங்காயம் வதங்க இலையைக் கொட்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு. தண்ணி ஒரு சொட்டும் வேண்டாம், இலையில உள்ள ஈரமே காணும். மூடக் கூடாது, மூடினா நிறம் செத்துப்போம். நாலைஞ்சு நிமிசம் பிரட்டி, அரைப்பாதி தேங்காய்ப்பூவைத் தூவி இறக்குங்கோ. நான் கடைசியில வறுத்த கச்சானை இடிச்சுப் போடுவன். அது என்ர அம்மா செய்யாத வேலை, மாமி கண்டா ஏசுவா. ஆனா இலையின்ர கைப்பைக் கச்சான் மூடிப்போடும். மரக்கறி வேண்டாம் எண்டு நிண்ட என்ர மூத்தவன் இப்ப சோறில்லாமல் கோப்பையில போட்டுக் கரண்டியால சாப்பிடுறான்.

#17 மனையியல் ரீச்சர்

அக்காவின்ர தாச்சிக்குக் கணக்கு நான் போடுறன். பச்சையில 100 கிராமுக்கு: முருங்கை இலை 337, பசளி 510, கங்குன் 312, முருங்கைக்காய் 461, பாவற்காய் 296, கத்தரி 229. கச்சான் 705, ஆனா 16 கிராம் மாச்சத்தும் இருக்கு, கைப்பிடியோட நிப்பாட்டவேணும். முல்லைத்தீவுச் சூரை மீன் 400க்குக் கிட்ட. கோழியை விட ரெண்டு மடங்கு கிட்ட, விலையும் சிலநேரம் மலிவு. தயிர் 155. இளநீர் 100 மில்லியில 250. ஒரு இளநீரில 300 மில்லி இருந்தா 750 மி.கி., மாச்சத்து 11 கிராம். சிறுநீரகம் நல்லா உள்ள ஆள் வயலால வந்து ஒண்டு குடிச்சாப் பாதகமில்லை, அண்டைக்கு வேறை இனிப்பு வேண்டாம்.

ஒருநாள் இப்பிடி எண்டு வையுங்கோ: 4 முட்டை 280. சூரை 200 கிராம் 800. முளைக்கீரை பச்சையில 150 கிராம் 900, அவிய ஒரு கைக்குள்ள வந்திடும். முருங்கைக்காய் பாற்கறி 460. தயிர் ஒரு கோப்பை 310. தேங்காய் 350. கச்சான் ஒரு கை 210. எல்லாம் கூட்டினா 3300. ஒரு கதலியும் இல்லை.

சிறுநீரகத்தில கல்லு வருத்தம் வந்த ஆக்கள் முளைக்கீரையையும் பசளியையும் நாளாந்தம் இப்பிடிச் சாப்பிடக் கூடாது. அதுகளில கல்லாப் படியிற ஒட்சலேற்று கூடுதலா இருக்கு.

#18 செட்டிகுளத்து மகள்

ரீச்சரின்ர இந்தக் கணக்கையே தலைகீழாப் பாத்தா எங்கட வீட்டு விலக்குப் பட்டியல். கொப்பியில எழுதி வைச்சிட்டன், நன்றி.

#19 குளத்தடியான்

ஒன்பது நாள் கழிச்சு வாறன். அறுவடை மிசின் தவணை வந்ததால உடன எழுத ஏலேல்லை.

கிரியற்றினின் 0.9. பொற்றாசியம் 4.4. சோடியம் 133, 135க்குக் கீழ எண்டபடியாக் கொஞ்சம் குறைவாம். பிறசர் இருந்து பாக்க 112/70, எழும்பி நிண்டு பாக்க 96/60. டொக்டர் பொம்பிளைப்பிள்ளை, சின்ன வயசு. என்ர சாப்பாட்டைக் கேட்டிட்டுச் சிரிச்சா. லொசாட்டனை 25 ஆக்கினா. "கறிக்கு அளவா உப்புப் போடச் சொல்லுங்கோ, வயலுக்குப் போற நாளில மத்தியானம் ஒரு கிண்ணம் உப்புப் போட்ட சொதி குடியுங்கோ" எண்டு சொன்னா. கீரை, மீன் சாப்பிடலாம் எண்டும், மாற்று உப்பு வேண்டாம் எண்டும், ஒரு மாசத்தால இரத்தம் திரும்பப் பாப்பம் எண்டும் கொப்பியில எழுதினா. இந்தமுறை எழுத்து விளங்கிச்சு.

மருந்துக்கடைத் தம்பி பந்தயம் கட்டியிருந்தா வெண்டிருப்பார்.

கால் பிடிப்பு நாலாம் நாள் நிண்டது. அதுக்குப் பிறகு ஒரே ஒரு ராவு வந்தது, அண்டைக்கு முழுநாளும் சூடு மிதிக்கிற மிசினோட நிண்டனான், சொதி குடிக்க மறந்திட்டன். கண் இருட்டுறது இல்லை. படபடப்பும் இல்லை.

#20 நந்திக்கடல்

அப்ப பொற்றாசியம் குறையவே இல்லை. இருவது பதிவு எழுதினது உப்புச் சிரட்டைக்கு.

#21 மருந்துக்கடைத் தம்பி, வவுனியா

அப்பிடியும் சொல்ல ஏலாது. உடம்பில உள்ள பொற்றாசியத்தில நூற்றில ரெண்டு பங்குதான் கலங்களுக்கு வெளிய இருக்கு, இரத்தத்தில காணுறது அதின்ர அளவு. மிச்சம் முழுக்கக் கலங்களுக்குள்ள. 4.4 எண்டா ஆபத்தில்லை எண்டு அர்த்தம், 1300 மி.கி. சாப்பிட்டாக் காணும் எண்டு அர்த்தமில்லை. கீரையை விடாதேங்கோ. பிறசருக்கும் அது நல்லது, மலச்சிக்கலுக்கும் நல்லது. அதைப் பத்தி இன்னும் ஒருத்தரும் இஞ்சை வாய் திறக்கேல்லை.

#22 குளத்தடியான்

வாய் திறக்காமல் இருந்தனான். அதுவும் இருந்தது, இப்ப இல்லை.

#23 மல்லாவியான் (ரொறன்ரோ)

நான் ஏற்கெனவே வாங்கின ரெண்டு டப்பா உப்பை என்ன செய்யிறது?

#24 மருந்துக்கடைத் தம்பி, வவுனியா

நீங்கள் பாவியுங்கோ அண்ணை. கிரியற்றினின் பாத்திட்டு.

#25 ஒட்டுசுட்டான் அக்கா

நான் சொன்ன முருங்கை இலை வறை செய்து பாத்தனீங்களோ இல்லையோ? அதை ஒருத்தரும் எழுதக் காணேல்லை.

#26 குளத்தடியான்

செய்தது அக்கா. முதல் நாள் மனிசி மூடிப்போட்டு அவிச்சு, வாழைமட்டை நிறத்தில வந்தது. ரெண்டாம் நாள் நீங்கள் சொன்ன மாதிரித் திறந்து வைச்சுச் செய்தா, பச்சை அப்பிடியே நிண்டது. கச்சான் ஒட்டுசுட்டான் சந்தியிலதான் வாங்கினனான்.

பக்கத்து வீட்டு அண்ணை நேற்றுப் பின்னேரம் வந்து எங்கட வேலியில ரெண்டு கொப்பு முறிச்சுக்கொண்டு போனவர், அவருக்கும் பிறசராம். போகேக்க ஒரு சீப்புக் கதலி தந்திட்டுப் போனார். பிள்ளையள் சாப்பிட்டு முடிச்சிட்டுதுகள்.